இடி விழுந்த மரமும் ஒரு ரோஜாவும்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – வேதியியல்)

ஓவியம் பார்ப்பதற்கும் ஒரு பயிற்சி வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. எங்கள் வீட்டுச் சுவரில் தொங்கியவை இரண்டே படங்கள். ஒன்று, ஜவுளிக் கடையில் கொடுத்த முருகன் காலண்டர். மற்றொன்று, மறைந்த தாத்தாவின் புகைப்படம். முருகனைப் பார்த்தால் கும்பிட வேண்டும். தாத்தாவைப் பார்த்தால் நினைத்துக்கொள்ள வேண்டும். படத்துக்குப் பொருள் அவ்வளவுதான். அப்படிப்பட்ட வீட்டிலிருந்து கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான்.

சென்ற ஐப்பசியில் ஒரு நாள். அடைமழை. பிற்பகல் செய்முறை வகுப்பு முடிந்து, மழை விடட்டும் என்று நம் கல்லூரி நூலகத்தில் ஒதுங்கினேன். வேதியியல் நூல்கள் இருக்கும் அலமாரிக்குக் கீழ்த்தட்டில், யாரும் அதிகம் தொடாத பெரிய நூல்கள் சில படுக்கையாகக் கிடந்தன. ஒன்றை இழுத்துப் பிரித்தேன். ஐரோப்பிய ஓவியங்கள் பற்றிய ஆங்கில நூல். நடுவே வழவழப்பான தாளில் ஒரு தோட்டம்.

அமைதியான தோட்டம். உயர்ந்த பைன் மரங்கள். மஞ்சளும் ஊதாவும் கலந்த மாலை வானம். வலப்பக்கம் ஒரு நீண்ட கட்டடம். மரங்களின் அடியில் ஆளில்லாத கல்லிருக்கைகள். அங்கங்கே சிறு சிறு மனித உருவங்கள். முன்னால், பாதியில் அறுக்கப்பட்ட பெரிய மரம் ஒன்று. அழகான தோட்டம், யாரோ பணக்காரர் வீட்டுத் தோட்டமாக இருக்கும் என்று முடிவு செய்தேன். நண்பர்களே, நான் முதன்முதலில் ஓர் ஓவியத்துக்குச் சொன்ன பொருள் இதுதான்!

அடியில் அச்சாகியிருந்த வரியைப் படித்தேன். ஓவியர் வின்சென்ட் வான்கோ. ஆண்டு 1889. இடம், செயின்ட் ரெமி மனநோய் மருத்துவமனையின் தோட்டம். வரைந்தவர் அங்கே பார்வையாளர் அல்லர், நோயாளி.

மழை விட்டும் நான் எழுந்திருக்கவில்லை. அந்த மனிதரின் வாழ்க்கையை அறிந்துகொள்ள வேண்டும் என்ற ஆவல் என்னைப் பிடித்துக்கொண்டது. அன்று தொடங்கிப் பல மாலைகள் நூலகத்தில் படித்தவற்றை உங்கள் முன் வைக்கிறேன்.

பாதிரியார் வீட்டுப் பிள்ளை

ஹாலந்து நாட்டின் தென்பகுதியில் சுண்டெர்ட் என்ற சிற்றூர். அங்கே 1853ஆம் ஆண்டு மார்ச் 30ஆம் நாள் வின்சென்ட் பிறந்தார். தந்தை புராட்டஸ்டண்ட் சபையின் பாதிரியார். வின்சென்ட் பிறப்பதற்குச் சரியாக ஓராண்டு முன்பு, அதே மார்ச் 30ஆம் நாள், அந்தத் தாய்க்கு ஓர் ஆண் குழந்தை இறந்தே பிறந்தது. அதற்கு வைத்த பெயரும் வின்சென்ட். தன் பெயர் பொறித்த கல்லறை இருந்த தேவாலயத்துக்கு அருகிலேயே அந்தச் சிறுவன் வளர்ந்தான்! நான்காண்டு கழித்து, 1857 மே 1ஆம் நாள், தம்பி தியோ பிறந்தான். இந்தத் தம்பியின் பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். தம்பி இல்லாமல் அண்ணன் கதை இல்லை.

16 வயதில் வின்சென்ட் வேலைக்குப் போனார். பெரியப்பா ஒருவர் பங்குதாரராக இருந்த கூப்பில் என்னும் ஓவிய வணிக நிறுவனத்தின் ஹேக் நகரக் கிளையில் எழுத்தர் வேலை. பிறகு லண்டன், பிறகு பாரிஸ். படங்களை விற்க வேண்டிய இடத்தில் அவருக்கு வணிகத்தில் மனம் செல்லவில்லை. 1876இல் வேலை போயிற்று. இங்கிலாந்தில் பள்ளி ஆசிரியராக இருந்தார். டோர்ட்ரெக்ட் நகரில் புத்தகக் கடையில் வேலை பார்த்தார். தந்தையைப் போல் பாதிரியாராக விரும்பி ஆம்ஸ்டர்டாமில் லத்தீனும் கிரேக்கமும் படிக்கத் தொடங்கினார்; முடிக்க முடியவில்லை. தொட்டதெல்லாம் பாதியில் நின்றது. இக்காலத்தில் அவர் நம்மிடையே இருந்திருந்தால், உருப்படாதவன் என்று தெருவே சொல்லியிருக்கும்.

சுரங்கத்தின் கரி

1878இன் இறுதியில் பெல்ஜியம் நாட்டின் போரினாஜ் என்னும் நிலக்கரிப் பகுதிக்கு மதப் பணியாளராகச் சென்றார். 700 மீட்டர் ஆழச் சுரங்கத்துக்குள் தாமே இறங்கிப் பார்த்தார். கரி படிந்த முகங்களையும், அங்கே உழைத்த சிறுவர்களையும் கண்டார். தம்மிடம் இருந்த உடைகளைக் கொடுத்துவிட்டு, வைக்கோலில் படுத்து, அந்தத் தொழிலாளர்களைப் போலவே வாழ்ந்தார். மதப் பணியாளருக்கு உரிய மதிப்பை இது கெடுக்கிறது என்று மேலிடம் கருதியது. 1879இல் அந்தப் பணியும் நீட்டிக்கப்படவில்லை.

கையில் எதுவும் இல்லாத அந்த நிலையில்தான் அவர் பென்சிலை எடுத்தார். சுரங்கத்துக்குச் செல்லும் மக்களை வரைந்தார். 1880ஆம் ஆண்டு, தம் 27ஆம் வயதில், ஓவியன் ஆவதென முடிவு செய்தார். அதன்பின் அவருக்குக் கிடைத்தவை பத்தே ஆண்டுகள். அந்தப் பத்து ஆண்டுகளில் 850க்கும் மேற்பட்ட எண்ணெய் வண்ண ஓவியங்களை வரைந்தார் என்றால், அந்த உழைப்பை என்னவென்பது!

தம்பியின் பணம்

ஓவியனாவதென்று முடிவு செய்தால் போதுமா? தாளும் துணியும் வண்ணமும் யார் வாங்கித் தருவது? அண்ணன் வேலையிழந்த அதே கூப்பில் நிறுவனத்தில், பாரிஸ் கிளையில், தம்பி தியோ நல்ல ஊழியராக உயர்ந்துகொண்டிருந்தார். அவர் அண்ணனுக்கு மாதந்தோறும் பணம் அனுப்பினார். பல ஆண்டுகள் அது மாதம் 150 பிராங்கு அளவில் இருந்தது. பணத்தோடு வண்ணக் குழாய்களும் துணிச் சுருள்களும் போயின.

அண்ணன் பதிலுக்கு அனுப்பியவை கடிதங்களும் படங்களும். தம்பிக்கு அவர் எழுதிய கடிதங்களில் 600க்கும் மேற்பட்டவை இன்றும் உள்ளன. தம்பி எழுதியவற்றில் எஞ்சியவை சுமார் 40தான். அண்ணனுடைய ஒவ்வொரு தாளையும் தம்பி பத்திரப்படுத்தினார் என்பதும், ஊர் ஊராக அலைந்த அண்ணனிடம் பெட்டி நிலையாக இருந்ததில்லை என்பதும் இந்த இரண்டு எண்களிலேயே தெரிகின்றன. 1884இல் அண்ணனே ஓர் ஏற்பாட்டைச் சொன்னார். அனுப்பும் பணம் தானமாக இருக்க வேண்டாம்; அதற்கு ஈடாகத் தாம் வரைவதெல்லாம் தம்பியின் சொத்து. தம்பியிடம் கைநீட்டும் கூச்சத்தை அவர் இப்படித்தான் ஆற்றிக்கொண்டார்.

இந்த இடத்தில் நான் என் கதையையும் ஒரு வரி சொல்லியாக வேண்டும். மூட்டை தூக்கிய அப்பாவுக்கு இடுப்பு விழுந்தபோது வீட்டில் இரண்டு பிள்ளைகள் படித்துக்கொண்டிருந்தோம். ஒருவன்தான் தொடர முடியும் என்ற நிலை. என்னைவிட இரண்டு வயது இளையவனான என் தம்பி பத்தாம் வகுப்போடு நின்றான். இன்று அவன் ஒரு லேத் பட்டறையில் வேலை பார்க்கிறான். என் விடுதிச் சாப்பாட்டுப் பணம் அவன் கையிலிருந்து வருகிறது. நூலகத்தில் அந்தத் தோட்டத்தைப் பார்த்த வாரத்தில், இளையவன் உழைப்பில் மூத்தவன் படிப்பது என்ன நியாயம் என்ற எண்ணத்தில், படிப்பை விட்டுவிடலாமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அந்தப் படத்தின் அடியில் இருந்த வாழ்க்கை என்னை ஏன் பிடித்து நிறுத்தியது என்பது இப்போது உங்களுக்குப் புரியும்.

மஞ்சள் வீடு

1885இல் நூனென் என்ற ஊரில், விளக்கொளியில் உருளைக்கிழங்கு உண்ணும் உழவர் குடும்பத்தை வின்சென்ட் வரைந்தார். மண்ணின் நிறத்திலேயே அமைந்த இருண்ட படம் அது. 1886இல் பாரிசுக்கு வந்து தம்பியோடு இரண்டாண்டுகள் தங்கினார். அங்கேதான் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்களின் வெளிச்சம் அவர் கண்ணில் பட்டது. கண்ணுக்குத் தெரியும் ஒளியை, தெரிந்த கணத்தில் பிடிப்பது அவர்களுடைய கலை. பிசாரோ, சியூரா, சிக்னாக், பால் காகின், எமில் பெர்னார் ஆகியோருடன் அவருக்குப் பழக்கம் ஏற்பட்டது. ஜப்பானிய மரச்செதுக்கு அச்சுப்படங்களையும் விரும்பிச் சேர்த்தார். படங்களிலிருந்து இருட்டு விலகியது.

ஆனால் கண்ணுக்குத் தெரிவது மட்டும் அவருக்குப் போதவில்லை. நெஞ்சுக்குத் தெரிவதையும் நிறத்தால் சொல்ல வேண்டும் என்று விரும்பினார். செசான், சியூரா, காகின், வான்கோ என்று இவ்வாறு இம்ப்ரெஷனிசத்தைக் கடந்து சென்றவர்களை, பிற்காலத்தில் போஸ்ட் இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர்கள் என்று அழைத்தனர். லண்டனில் 1910இல் ரோஜர் ஃப்ரை நடத்திய கண்காட்சியால் அந்தப் பெயர் நிலைத்தது. வின்சென்ட் அப்படி ஒரு பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அவர் இறந்து அப்போது 20 ஆண்டுகள் ஆகியிருந்தன.

1888 பிப்ரவரியில் அவர் தெற்கே ஆர்ல் நகருக்குச் சென்றார். மஞ்சள் சுவர் கொண்ட வீடு ஒன்றை வாடகைக்கு எடுத்து, ஓவியர்கள் கூடி வாழும் இடமாக அதை ஆக்கக் கனவு கண்டார். சூரியகாந்திப் படங்கள் பிறந்தது அங்கேதான். அக்டோபரில் காகின் வந்தார். இரண்டு மாதம்கூட ஒற்றுமை நீடிக்கவில்லை. டிசம்பர் 23ஆம் நாள் இரவு, சண்டைக்குப் பின், மனம் கலங்கிய நிலையில் வின்சென்ட் தம் காதைத் தாமே அறுத்துக்கொண்டார். அடுத்து வந்த மாதங்களில் மருத்துவமனையும் வீடுமாக அலைந்தார். அவர் அங்கே இருக்கக் கூடாது என்று அக்கம்பக்கத்தார் மனு எழுதிக் கொடுத்தனர். கனவு கண்ட மஞ்சள் வீடு பூட்டப்பட்டது.

மதிலுக்குள் ஒரு தோட்டம்

1889 மே 8ஆம் நாள், தம் விருப்பத்தின்பேரிலேயே, செயின்ட் ரெமி நகருக்கு அருகே இருந்த மனநோய் மருத்துவமனையில் சேர்ந்தார். முன்னொரு காலத்தில் துறவியர் மடமாக இருந்த கட்டடம் அது. டாக்டர் பெய்ரோன் அதன் தலைவர். வலிப்பு நோயின் ஒரு வகை என்று மருத்துவர்கள் அவருடைய நோயைக் குறித்தனர். கட்டணம் தம்பி கட்டினார். பல அறைகள் காலியாக இருந்ததால், படுக்க ஓர் அறையும் வரைய ஓர் அறையும் கிடைத்தன.

முதல் சில வாரங்கள் மதிலைத் தாண்டி வெளியே செல்ல அனுமதி இல்லை. பராமரிப்பு இல்லாமல் புல் மண்டிக் கிடந்த தோட்டம் ஒன்றே அவருக்கு உலகம். அந்தத் தோட்டத்தின் ஐரிஸ் மலர்களை வரைந்தார். லைலாக் புதர்களை வரைந்தார். கொடி படர்ந்த மரங்களை வரைந்தார். ஜூன் மாதம், இன்று உலகமே அறிந்த நட்சத்திர இரவை வரைந்தார். ஜூலையில் நோய் மீண்டும் தாக்கியது. வண்ணக் குழாயையே வாயில் வைத்துவிட்டார். சில காலம் வண்ணங்களை அவரிடமிருந்து விலக்கி வைக்க வேண்டியிருந்தது. தேறி எழுந்து மீண்டும் வரைந்தார். அந்த ஓராண்டில் மட்டும் சுமார் 150 ஓவியங்கள்!

நான் பார்த்த தோட்டம் 1889 நவம்பரில் வரையப்பட்டது. கோடையில் வந்த தாக்குதல் முடிந்து, கிறிஸ்துமஸ் வேளையில் வந்த தாக்குதலுக்கு முன், இரண்டு புயல்களுக்கு இடையே கிடைத்த அமைதியில் பிறந்த படம் அது. டிசம்பரில் அதே காட்சியை இன்னொரு முறையும் வரைந்தார். ஒன்று இன்று ஜெர்மனியின் எஸ்ஸென் நகரில் ஃபோக்வாங் அருங்காட்சியகத்திலும், மற்றொன்று ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரால் அமைந்த அருங்காட்சியகத்திலும் இருக்கின்றன.

படத்தை எப்படிப் படிப்பது?

இந்தப் படத்துக்கு ஒரு சிறப்பு உண்டு. வரைந்தவரே இதை விளக்கியிருக்கிறார். இளம் ஓவியர் எமில் பெர்னாருக்கு அதே நவம்பரில் எழுதிய கடிதத்தில், தோட்டத்தின் ஒவ்வொரு மூலையையும் நிறம் நிறமாகச் சொல்லியிருக்கிறார். அதன் சாரத்தை என் சொற்களில் தருகிறேன்.

முன்னால் நிற்கும் அந்தப் பெரிய மரம், இடி விழுந்து, பிறகு அறுக்கப்பட்ட மரம். ஆனாலும் அதன் பக்கக் கிளை ஒன்று மிக உயரே எழும்பி, கரும்பச்சையாய்க் கீழே கொட்டுகிறது. அந்த மரத்தை, கர்வம் மிகுந்து வாழ்ந்து வீழ்த்தப்பட்ட ஒரு மனிதனாக அவர் கண்டார். அதன் எதிரே வாடும் செடியில் ஒரே ஒரு ரோஜா, அந்தப் பருவத்தின் கடைசி ரோஜா, வெளிறிய புன்னகையோடு இருக்கிறது. மழை ஓய்ந்த தோட்டத்தில் தேங்கிய நீரில் மஞ்சள் வானம் தெரிகிறது. தரை, மரத்தண்டு, மதில் எல்லாவற்றிலும் செங்காவி நிறம். இலைகளின் பச்சையில் கருமை கலந்து அதைத் துயரப்படுத்தியிருக்கிறார். உருவங்களைச் சுற்றிக் கறுப்புக் கோடுகள். இந்தச் செங்காவியும் துயரப் பச்சையும் கறுப்பும் சேர்ந்து, அங்கிருந்த சக நோயாளிகள் சிலரைப் பிடித்து ஆட்டிய அச்சத்தைப் பார்ப்பவர் மனத்தில் எழுப்பும் என்பது அவர் எண்ணம்.

இதை ஏன் பெர்னாருக்கு எழுதினார்? அதற்கும் காரணம் உண்டு. ஒலிவ மரத் தோட்டத்தில் இயேசு துயருற்ற காட்சியைப் பெர்னாரும் காகினும் அந்த ஆண்டு வரைந்திருந்தனர். வின்சென்டுக்கு அது பிடிக்கவில்லை. துயரத்தைக் காட்ட வேதநூலின் தோட்டத்துக்கு ஓட வேண்டியதில்லை. கண்ணெதிரே உள்ள தோட்டமே போதும் என்பது அவருடைய கட்சி. இயேசுவும் இல்லை, தேவதையும் இல்லை, கண்ணீர் விடும் முகமும் இல்லை. மரம், செடி, சுவர், வானம், இவ்வளவுதான். ஆனாலும் பார்ப்பவன் நெஞ்சில் ஏதோ ஒன்று கனக்க வேண்டும். அதற்காகவே இந்தப் படத்தைச் சான்றாகச் சொன்னார்.

இதைப் படித்தபின் நான் மீண்டும் படத்தைப் பார்த்தேன். முதல் நாள் அழகான தோட்டமாகத் தெரிந்தது, இப்போது வேறாகத் தெரிந்தது. மதில் பார்வையை மறிக்கிறது. இருக்கைகள் உட்கார ஆளில்லாமல் கிடக்கின்றன. மனிதர்கள் உலாவவில்லை, போக இடமில்லாமல் மரங்களிடையே சுற்றுகிறார்கள். படம் அதேதான். மாறியவன் நான்.

ஆனால் ஒன்று கேட்க வேண்டும். கடிதம் படிக்காதவனுக்கு இந்தப் படம் ஊமையா? அப்படியல்ல என்றே நினைக்கிறேன். முதல் நாளே என் கண் அந்த அறுக்கப்பட்ட மரத்தில்தான் நின்றது. பெயர் தெரியாத ஏதோ ஒன்று அப்போதே என்னைத் தொட்டது. கடிதம் அதற்குப் பெயர் வைத்தது, அவ்வளவே.

சோதனைக் குழாயில் வான்கோ

வேதியியல் மாணவனாகிய நான் ஒரு செய்தியைச் சொல்லாமல் விட முடியாது. ஈய உப்புக் கரைசலில் பொட்டாசியம் குரோமேட் கரைசலை ஊற்றினால் பளிச்சென்று மஞ்சள் வீழ்படிவு விழும். நம் ஆய்வகத்தில் ஈயத்தைக் கண்டறியச் செய்யும் சோதனை இது. அந்த வீழ்படிவு ஈயக் குரோமேட். அதே பொருள்தான் குரோம் மஞ்சள் என்ற பெயரில் ஓவியர்களின் வண்ணக் குழாயில் இருந்தது. சூரியகாந்திகளின் மஞ்சளுக்கும் நான் சோதனைக் குழாயில் கண்ட மஞ்சளுக்கும் வேதிப் பெயர் ஒன்றே என்று அறிந்த நாளில் எனக்கு உண்டான மகிழ்ச்சிக்கு அளவில்லை.

அந்த மஞ்சள் நிலையானதன்று. ஒளி பட்டுப் பழுப்பேறும். ஏன் என்பதை 2011ஆம் ஆண்டு பெல்ஜியத்தின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழக விஞ்ஞானிகளும் பிறரும், பிரான்சின் கிரெனோபிள் நகரில் உள்ள பெரும் எக்ஸ் கதிர் நிலையத்தின் துணைகொண்டு விளக்கினர். மேற்பரப்பில் உள்ள குரோமியம் ஆறு இணைதிற நிலையிலிருந்து மூன்று இணைதிற நிலைக்கு ஒடுக்கமடைகிறது. நாம் பாடத்தில் படிக்கும் அதே ஒடுக்கவினை! சிவப்பின் கதை இன்னும் வருத்தமானது. இயோசின் சாயத்திலிருந்து செய்த ஒரு வகைச் சிவப்பை அவர் விரும்பிப் பயன்படுத்தினார். அது ஒளியில் வெளிறிவிடும். 1890இல் அவர் இளஞ்சிவப்பாக வரைந்த ரோஜாக்கள் இன்று ஏறக்குறைய வெண்மையாக இருக்கின்றன. ஆர்ல் நகரில் வரைந்த படுக்கையறைச் சுவர்கள் வெளிர் ஊதாவாக இருந்தவை. சிவப்பு போய் இன்று நீலமாகத் தெரிகின்றன.

புதிய வண்ணங்கள் நிலைக்காது என்பது வின்சென்டுக்குத் தெரியாததன்று. தெரிந்தேதான், காலம் தணிக்கட்டும் என்று இன்னும் அழுத்தமாகத் தீட்டினார். ஆகவே ஓர் ஓவியத்துக்குப் பொருள் சொல்பவர் இதையும் நினைக்க வேண்டும். நாம் பார்க்கும் நிறமும் அவர் தீட்டிய நிறமும் முற்றிலும் ஒன்றல்ல. ஓவியமும் ஒரு செடிபோலக் காலத்தில் வாடுகிறது.

கடைசி நாட்கள்

1890 ஜனவரியில் வெளிச்சம் சிறிது எட்டிப் பார்த்தது. அல்பேர் ஓரியே என்ற இளம் விமரிசகர் அவரைப் பாராட்டிப் பாரிஸ் இதழில் கட்டுரை எழுதினார். பிரஸ்ஸல்ஸ் கண்காட்சியில் வைக்கப்பட்ட சிவப்புத் திராட்சைத் தோட்டம் என்ற ஓவியத்தை, ஆன்னா போக் என்ற ஓவியர் 400 பிராங்குக்கு வாங்கினார். ஜனவரி 31ஆம் நாள் தியோவுக்கு மகன் பிறந்தான். அண்ணன் பெயரையே அவனுக்கு வைத்தனர். அந்தக் குழந்தைக்காக நீல வானத்தில் பூத்த பாதாம் கிளைகளை வின்சென்ட் வரைந்தார்.

மே மாதம் மருத்துவமனையை விட்டு, பாரிசுக்கு அருகே ஓவேர் என்னும் ஊருக்கு வந்தார். டாக்டர் காஷே அவரைக் கவனித்துக்கொண்டார். எழுபது நாட்களில் எழுபது ஓவியங்கள் என்னும் அளவுக்கு உழைத்தார். ஆனால் தம்பிக்கு அப்போது வேலையில் சிக்கல், கைக்குழந்தை, உடல்நலக் குறைவு. தாம் அந்தக் குடும்பத்துக்குச் சுமை என்ற எண்ணம் வின்சென்டை அரித்தது. 1890 ஜூலை 29ஆம் நாள், தமக்குத் தாமே ஏற்படுத்திக்கொண்ட காயத்தால், தம்பி பக்கத்தில் இருக்க, 37ஆம் வயதில் உயிர் நீத்தார். ஆறே மாதத்தில், 1891 ஜனவரி 25ஆம் நாள், தம்பியும் மறைந்தார்.

இங்கேதான் நான் புத்தகத்தை மூடிவிட்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். சுமை என்று அண்ணன் நினைத்தார். சுமை இறங்கியதும் தம்பி நிமிர்ந்து நடந்தாரா? இல்லையே! அண்ணன் இல்லாத உலகில் அவரால் ஆறு மாதம்கூட நிற்க முடியவில்லை. தாம் வாங்கிக்கொண்டிருந்ததாகவே அண்ணன் கணக்கு எழுதினார். தாம் கொடுத்துக்கொண்டிருந்ததை அந்தக் கணக்கில் அவர் எழுதவே இல்லை.

எஞ்சியதைக் காத்தவர் ஒரு பெண். தியோவின் மனைவி யோஹானா, 28 வயதில், கைக்குழந்தையோடு கணவரை இழந்தவர். விலை போகாத நூற்றுக்கணக்கான ஓவியங்களையும் பெட்டி நிறையக் கடிதங்களையும் அவர் குப்பையில் போடவில்லை. ஹாலந்தில் தங்கும் விடுதி நடத்திப் பிழைத்துக்கொண்டே கண்காட்சிகள் வைத்தார். 1914இல் கடிதங்களை நூலாக வெளியிட்டார். அதே ஆண்டு தியோவின் உடலை ஓவேருக்குக் கொண்டுவந்து அண்ணன் பக்கத்தில் அடக்கம் செய்தார். இரண்டு கல்லறைகளின் மேலும் ஒரே பசுங்கொடிப் படர்வு மூடியிருக்கிறது. 1973இல் ஆம்ஸ்டர்டாமில் திறக்கப்பட்ட வான்கோ அருங்காட்சியகம், அந்தக் குடும்பம் காத்துவைத்த ஓவியங்களின் இல்லமே.

தம்பி சொன்ன பொருள்

பொங்கல் விடுமுறைக்கு ஊருக்குப் போனபோது, புத்தகத்திலிருந்த படத்தைக் கைப்பேசியில் பிடித்துக்கொண்டு போனேன். இரவு திண்ணையில் தம்பியிடம் காட்டினேன். ஓவியர் யார், இடம் எது என்று எதுவும் சொல்லவில்லை. என்ன தெரிகிறது என்று மட்டும் கேட்டேன்.

கறை படிந்த விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தான். அவன் விரல் நின்றதும் அதே மரத்தில்தான். வெட்டுவாய் சுத்தமாக இருக்கிறது என்றான். விறகுக்கு வெட்டுபவன் அடியோடு வெட்டுவான். இதை யாரோ பார்த்துப் பார்த்து மேலே மட்டும் அறுத்திருக்கிறான். கெட்டுப்போன பாகத்தை எடுத்துவிட்டுப் பிழைக்க விட்டிருக்கிறான். அதனால்தான் பக்கத்தில் கிளை வந்திருக்கிறது என்றான். பத்தாம் வகுப்போடு நின்றவன், நாள் முழுவதும் இரும்பைக் கடைபவன், ஒரே பார்வையில் இதைச் சொன்னான்!

வின்சென்ட் அந்த மரத்தில் வீழ்ந்த மனிதனைக் கண்டார். என் தம்பி அதை விழாமல் காத்த ஒரு கையைக் கண்டான். இரண்டில் எது சரி என்று நான் தீர்ப்புச் சொல்லப் போவதில்லை. இரண்டும் அந்தப் படத்தில் இருக்கின்றன. ஓவியம் வரைந்தவரோடு முடிந்துவிடுவதில்லை. பார்ப்பவன் தன் வாழ்க்கையைக் கொண்டுவந்து அதில் சேர்க்கிறான். படத்துக்குப் பொருள் காண்பது என்றால் அதுதான் என்று இப்போது எனக்குத் தோன்றுகிறது.

அதன்பின் படிப்பை நிறுத்தும் பேச்சை நான் எடுக்கவில்லை. விடுமுறை முடிந்து கிளம்பும்போது, என் பழைய பதினோராம் வகுப்புப் புத்தகங்களை மூட்டையாகக் கட்டாமல் அவன் கண்ணில் படும்படி அலமாரியில் அடுக்கி வைத்துவிட்டு வந்தேன். தனித்தேர்வர்களுக்கான வழிமுறைகளை விசாரித்துக்கொண்டிருக்கிறேன். அடுத்த ஆண்டு என் பட்டம் முடியும். அதன்பின் பணம் அனுப்பும் முறை என்னுடையது.

நண்பர்களே, மழைக்காகவாவது ஒருநாள் நம் நூலகத்தில் ஒதுங்குங்கள். வேதியியல் அலமாரியின் கீழ்த்தட்டில், படுக்கையாகக் கிடக்கிறது அந்தப் புத்தகம். நடுப்பக்கத்தில் ஒரு தோட்டம் இருக்கிறது. அதில் இடி விழுந்த மரமும் ஒரு ரோஜாவும் இருக்கின்றன. உங்கள் கண் எங்கே நிற்கிறது என்று பாருங்கள்.